வீட்டு இலக்கம் கேட்ட பெட்டி

நடந்தவை, வரிசைப்படி:

1. உயர்தரப் பரீட்சையில் எனக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தபடியே, கைப்பேசியில் வீடியோ பார்த்துக் கணினி நிரல் எழுதப் பழகினேன்.

2. எட்டு மாதம் கழித்து, அதே லயத்தில் மூன்று வீடு தள்ளியிருந்த யோகேஸ்வரி தனக்கும் சொல்லித்தரும்படி கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன்.

3. ஒரு வருடத்தில் அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

4. பதுளையில் உள்ள இந்த அலுவலகம் ஒரேயொரு பயிற்சி இடத்துக்கு ஆறு பேரைக் கூப்பிட்டது. அந்த ஆறில் நாங்கள் இருவரும் இருந்தோம்.

5. தேர்வுக்கான வேலையை முடித்ததும் யோகா அதை என்னிடம் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

6. நான் பதில் சொன்னேன்.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த நீங்கள் நால்வரும் என் மேசையைச் சுற்றி நின்று, "அக்கா, பட்டமும் இல்லாம, கோர்ஸும் போகாம நீங்க எப்படி உள்ள வந்தீங்க?" என்று கேட்டீர்கள். பயிற்சி, பொறுமை என்று ஏதோ சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் உங்களுக்கு உதவாது. உங்களுக்குத் தெரிய வேண்டியது ஆறாவது வரிதான். நீங்களும் சொந்தமாகப் படித்து வந்தவர்கள் என்பதால் எழுதித் தருகிறேன்.

எங்கள் லயத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் பக்கத்துப் பாறையில் ஏறினால்தான் சிக்னல் நிற்கும். நான் அங்கே உட்கார்ந்துதான் படித்தேன். கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள், நான் யாரோ பையனோடு பேசுகிறேன் என்று கீழிருந்து கத்துவார்கள்: "என்னா தர்ஷி, மாப்பிள்ள இன்னைக்காச்சும் சரின்னு சொன்னானா?" அம்மாவுக்கு அது வெட்கமாக இருந்தது. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த அண்ணன், பழைய லெப்டொப் ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அந்தக் கேலி நின்றது. அதன்பின் லயத்தில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. யாருடைய கைப்பேசி கெட்டாலும் என்னிடம் கொண்டுவந்தார்கள். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

யோகா அப்போது எல்லவில் ஒரு சிறிய ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலையில் இருந்தாள். என் வயதுதான், ஒரே வகுப்பில் படித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறைக்கு வந்து, "எனக்கும் சொல்லிக் குடுடி. பெட்ஷீட் மடிச்சே கெழவியாயிடுவேன் போல இருக்கு" என்றாள். சந்தோஷமாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது, அவர் நமக்குக் கீழே இருக்கும்வரை, மிகவும் இனிமையான வேலை.

எனக்கு முதல் முறை வயிறு எரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. என் நிரல் ஒன்று மூன்று நாட்களாக ஓடவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோகா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, திரையில் இருந்த சிவப்பு எழுத்துகளை அகராதியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள். பிறகு, "இதுலயே எழுதியிருக்கே. நாப்பதாவது வரியப் பாருன்னு. நீ ஏன் இதப் படிக்கவே இல்ல?" என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்றிலிருந்து மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அவள் வேலை செய்யும் ஹோட்டலில் வைஃபை உண்டு, எனக்குப் பாறை. அவளிடம் வீட்டில் யாரும் தண்ணீர் எடுத்துவரச் சொல்வதில்லை, எனக்குச் சொல்வார்கள். வெள்ளைக்காரர்களோடு பேசிப் பேசி அவளுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது. அவள் முடி. ஆம், முடியும் பட்டியலில் இருந்தது. பொறாமைக்குத் தலைப்பு பிரித்து எழுதத் தெரியாது. அவளுடைய வேலை நாள் பத்து மணி நேரம் என்பதையும், அதன்பிறகுதான் படிக்கிறாள் என்பதையும் நான் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு விரிவுரையாளர் இருக்கிறார், புள்ளி இருக்கிறது, போன வருட மாணவர்கள் இருக்கிறார்கள். செய்தது சரியா பிழையா என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தானாகப் படிப்பவருக்கு அது எதுவும் இல்லை. தன் திரையைப் பார்க்க இன்னொரு ஆள் கிடைத்தால் அதுவே பெரிது. யோகாவுக்கு விரிவுரையாளரும் பரீட்சகரும் நான் ஒருத்திதான். எனக்கு அது தெரிந்திருந்தது.

இனி அந்தத் தேர்வு.

ஆறு பேருக்கும் ஒரே வேலை. பதுளை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் முதலாளி, நாங்கள் எல்லோரும் அவரை நானா என்போம், பசறைப் பக்கத்திலும் ஹாலிஎலப் பக்கத்திலும் உள்ள தோட்டங்களுக்கு வேனில் சாமான் அனுப்புகிறவர். மக்கள் கைப்பேசியிலேயே சாமான் கேட்பதற்கு அவருக்கு ஓர் இணையப் பக்கம் வேண்டும். ஒரு வாரத்தில் செய்து, வியாழக்கிழமை அவர் முன்னால் காட்ட வேண்டும்.

நான் செய்தது அழகாக இருந்தது. இப்போது பார்த்தாலும் அப்படித்தான் சொல்வேன். நிறம், எழுத்து, சாமான் படங்கள் எல்லாம் ஒழுங்கு. முகவரிக்கு நான்கு பெட்டிகள்: வீட்டு இலக்கம், வீதி, நகரம், தபால் குறியீடு. நான்கும் கட்டாயம். ஒன்றை விட்டாலும் சிவப்பு எழுத்தில் "சரியான முகவரியைத் தரவும்" என்று வரும்.

எங்கள் லயத்தில் எந்த வீட்டுக்கும் இலக்கமும் இல்லை, வீதியும் இல்லை. கடிதம் தோட்டத்து ஒப்பீஸுக்கு வரும். அங்கிருந்து யாராவது எடுத்து வந்தால்தான் கையில் கிடைக்கும். அப்படிப் பிந்தி வந்த கடிதத்தால் நேர்முகப் பரீட்சையைத் தவறவிட்டவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். நானோ எல்லா விண்ணப்பத்திலும் ஹாலிஎல டவுனில் சலூன் வைத்திருக்கும் மாமாவின் கடை முகவரியைத்தான் எழுதுவேன். இலக்கம், வீதி எல்லாம் உள்ள முகவரி. பல வருடம் எழுதி எழுதி, அதுதான் என் முகவரி என்று கையே பழகிவிட்டது. பெட்டிகளை வரைந்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் யோகா தன் பக்கத்தைக் காட்டினாள். நிறம் சுமார். படங்கள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. பிறகு முகவரிப் பகுதி வந்தது. அதில் இப்படிக் கேட்டிருந்தாள்:

எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? எத்தனையாம் லயம், யாருடைய வீடு? வேன் எங்கே நிற்க வேண்டும்?

அவ்வளவுதான். டவுனில் இருப்பவர்களுக்கு வீதி எழுத ஒரு பெட்டி தனியாக இருந்தது.

வேன் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் லயத்துக்கு வேன் ஏறாது, கோயில் வளைவில்தான் நிறுத்த வேண்டும். எந்த லயத்துக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும். அவளுடையது சரி. என்னுடையது பிழை. இது தெரிய எனக்கு ஐந்து வினாடி போதுமானதாக இருந்தது. வேலையில் எனக்கு வேகமாக முடிவெடுக்க வரும் என்று நீங்கள் சொல்வீர்கள். அன்றும் வேகமாகத்தான் முடிவெடுத்தேன்.

"என்னாடி இது, ஊருக்கு வழி கேக்குற மாதிரி இருக்கு?" என்றேன்.

"வழிதானே கேக்கணும்? வேன் வரணுமே."

"கொழும்புல செய்யிற சைட் எதுலயாச்சும் இப்புடிப் பாத்திருக்கியா? சிரிப்பாங்க. வீட்டு இலக்கம், வீதி, நகரம். இதான் முறை."

"நம்மளுக்கு வீட்டு இலக்கம் எங்கடி இருக்கு?"

"நம்மளுக்காகவா இந்த வேலைய தர்றாங்க? ஒனக்குக் கோட் எழுதத் தெரியுமான்னுதான் பாப்பாங்க."

அவள் திரையைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். பிறகு, "சரி. நீதானே எனக்கு முன்னாடி வந்தவ" என்று சொல்லிவிட்டு மாற்றத் தொடங்கினாள். நான் கூடவே உட்கார்ந்து உதவியும் செய்தேன்.

வீட்டுக்குப் போய் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். "ரெண்டு வாரமாத் தட்டுல கைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்த. இன்னைக்குத்தான் ஒழுங்கா சாப்புடுற" என்றார் அம்மா.

வியாழக்கிழமை. அலுவலகம் அப்போதும் இதே மாடிதான், கீழே மருந்துக்கடை. பெரிய மேசையைச் சுற்றி ஆறு பேரும் உட்கார்ந்திருந்தோம். அலுவலகத்தை நடத்தும் மிஸ் ஒவ்வொருவர் வேலையையும் சுவரில் இருந்த திரையில் போட்டார். நானா முன்னால் உட்கார்ந்து, தானே சாமான் கேட்டுப் பார்த்தார். அரிசி, பருப்பு, சவர்க்காரம். அதுவரை எல்லாம் நன்றாகப் போனது. என் பக்கத்தைத் திறந்தபோது, "மாஷா அல்லாஹ், நல்ல வடிவா ஈக்கிது" என்றார். நான் யோகாவைப் பார்க்கவில்லை.

முகவரி வந்தது. நானா தன் வாடிக்கையாளர் ஒருவரின் விபரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். "பசறைப் பக்கம், கீழ் டிவிஷன், ஏழாம் லயம், செல்வராணி. ஸ்டோருக்குக் கீழ எறங்குற படி." தேயிலைத் தொழிற்சாலையைத்தான் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். இதையெல்லாம் எந்தப் பெட்டியில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் நகரம் என்ற பெட்டியில் போட்டு அழுத்தினார். சிவப்பு எழுத்து வந்தது.

நானா கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாக வாசித்தார். "சரியான முகவரியைத் தரவும்." மிஸ் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தப் பொம்பள இவ்வளவு காலமும் பிழையான எடத்துலயா ஈக்கிறா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

மற்ற ஐந்து பக்கங்களும் அப்படியே. யாருடையதிலும் செல்வராணிக்குச் சாமான் அனுப்ப முடியவில்லை. "ஆறு பேருக்கும் ஒரே வியாதி" என்றார் நானா. "என்ட ட்ரைவர் இப்பவே போன் பண்ணிப் பண்ணி உசிர எடுக்கிறான். இதுல சாமானே கேக்க ஏலாதே."

மிஸ் எங்கள் இருவரையும் பார்த்தார். "தர்ஷினி, யோகேஸ்வரி. நீங்க ரெண்டு பேரும் தோட்டத்துலயிருந்துதானே வாறீங்க? உங்க வீட்டு அட்ரஸ இதுல போட ஏலுமா? ஒருத்தருக்குக்கூட யோசன வரலையா?"

யோகா மேசையைப் பார்த்தாள். "இல்ல மிஸ்" என்றாள்.

அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முகவரியில் எல்லோருக்கும் ஒரே பிழை, ஆகவே அது கணக்கில் வராது. மீதியில் ஆறில் நல்லது என்னுடையது. அந்த இடம் எனக்குத்தான். யோகா திங்கட்கிழமை எல்லவுக்குப் போய் மறுபடி பெட்ஷீட் மடிப்பாள். இதை நான் நிதானமாக, வரிசையாக யோசித்தேன். படபடப்பு எதுவும் இல்லை.

என்னைப் பேசவைத்தது யோகா இல்லை. சுவரில் அந்தச் சிவப்பு எழுத்து அப்படியே நின்றது. நான் என் கையால் எழுதிய வாக்கியம். செல்வராணி யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏழாம் லயத்தில் இருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, உன் முகவரி சரியில்லை என்று சொன்னது நான்.

"மிஸ், யோகாவோட பழைய பதிப்புல அது இருக்கு" என்றேன். "செவ்வாக்கிழம வரைக்கும் இருந்துச்சு. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"டவுன்ல சிரிப்பாங்கன்னு."

பாதி உண்மை. அந்த இடத்தில் என்னால் முடிந்தது பாதிதான்.

யோகா தன் பழைய பதிப்பை எடுத்துக் கொடுத்தாள். நானா மறுபடி உட்கார்ந்து தோட்டம், டிவிஷன், லயம், ஆள் என்று வரிசையாக நிரப்பினார். வேன் நிற்கும் இடத்துக்கு வந்ததும் கையை நிறுத்தி, "இது யாரு யோசிச்ச? இத என்ட ட்ரைவர் பாத்தா கண்ணீர் விட்டிருவான்" என்றார். யோகா முதல் முறையாகச் சிரித்தாள்.

மிஸ் என்னிடம் வந்து, "நீங்க மறைக்காம சொன்னது நல்ல விஷயம்" என்று தோளைத் தட்டினார். பிழை செய்து திட்டு வாங்கியிருக்கிறேன், அது பரவாயில்லை. அந்தத் தட்டலை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பதுளையை விட்டு வெளியே வந்ததும் யோகா டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "நீ அங்க சொன்னது முழுசு இல்லதானே?" என்றாள்.

"இல்ல."

"மிச்சத்த இப்பச் சொல்லு. ஹாலிஎல போறதுக்குள்ள சொல்லிடு. அங்க நம்ம தோட்டத்து ஆளுங்க ஏறிடுவாங்க."

சொன்னேன். அவளுடையதுதான் சரி என்று அப்போதே தெரியும் என்றேன். தெரிந்துதான் மாற்றச் சொன்னேன் என்றேன். நாற்பதாவது வரியிலிருந்து எல்லாம் சொன்னேன். முடியை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு மட்டும் பொறாம இல்லன்னா நெனச்ச? ஒனக்கு லெப்டொப் வந்தப்ப ரெண்டு நாள் நான் ஒங்க வீட்டுப் பக்கமே வரல. காச்சல்னு சொன்னேன்."

"காச்சல் இல்லையா?"

"எரிச்சல்." என் பக்கம் திரும்பினாள். "ஆனா நான் ஒன் லெப்டொப்ல தண்ணி ஊத்தல தர்ஷி."

ஹாலிஎல வந்தது. தெரிந்த முகங்கள் ஏறின. "என்னா புள்ளைங்களா, வேல கெடச்சிருச்சா?" என்று ஒருவர் கேட்டார். "ஒருத்திக்குக் கெடைக்கும் மாமா" என்றாள் யோகா.

திங்கட்கிழமை அவளுக்கு அழைப்பு வந்தது.

நான் அடுத்த பதினொரு மாதம் பாறையில்தான் இருந்தேன். ஏழு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். இப்போது தோட்டத்தின் பெயரை எழுதினேன், மாமாவின் சலூனை எழுதவில்லை. அதனால் எதுவும் மாறவில்லை, ஏழிலும் கிடைக்கவில்லை. பிறகு இங்கே இன்னும் இரண்டு பேர் தேவைப்பட்டபோது மிஸ் யோகாவிடம் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "வேல நல்லாச் செய்வா மிஸ். மத்தவங்க வேலையப் பாத்துக் கருத்துச் சொல்ல மட்டும் இப்ப விடாதீங்க" என்று அவள் சொன்னதாக மிஸ்ஸே என்னிடம் சொன்னார். நான் உள்ளே வந்தது இப்படித்தான். முதல் ஒரு வருடம் யாருடைய நிரலையும் பார்த்துச் சொல்ல எனக்கு அனுமதி இருக்கவில்லை.

உங்களிடம் பொறாமைப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நால்வரும் ஒரே நாளில் சேர்ந்திருக்கிறீர்கள், வருட முடிவில் ஒருவர் முன்னால் போவார், மற்ற மூவருக்கும் வயிறு எரியும். எரியட்டும். ஆனால் உங்கள் கூட்டாளி திரையைத் திருப்பிக் காட்டும்போது, உங்கள் வாயிலிருந்து வரும் வார்த்தை அந்த வேலையைப் பற்றியதா, அந்த ஆளைப் பற்றியதா என்று பாருங்கள். எனக்கு ஓர் அடையாளம் தெரியும். "முறை இதுதான்", "பெரிய இடங்களில் இப்படித்தான் செய்வார்கள்" என்று நான் பேசத் தொடங்கினால், வேலையில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். அப்போது எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன். திரும்பி வந்தும் அதே வார்த்தை நாக்கில் நின்றால், இன்னொருவரிடம் காட்டச் சொல்கிறேன். காரணமும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒரு தம்பியிடம், "இது ரொம்ப நல்லா இருக்கு, அதனால நான் சொல்றத இன்னைக்கு நம்பாதீங்க" என்றேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்.

இன்றைய நிலை இது. நானாவின் பக்கம் ஓடுகிறது, யோகாவின் கேள்விகளோடு. அவள் எங்கள் குழுவின் தலைவி, நான் அந்தக் குழுவில் இருக்கிறேன். போன மாதம் அவளைக் கொழும்பில் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அதன் வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், நான் இன்னும் பார்க்கவில்லை. நாங்கள் ஒரே பஸ்ஸில் வருகிறோம், சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறோம். நான் எழுதும் ஒவ்வொன்றையும் அவள் பார்த்து, நேர்மையாகக் குறை சொல்லி, பிறகு அனுமதி தருகிறாள். அவள் எழுதுவதையும் வெளியிடும் முன் குழுவில் ஒருவர் பார்க்க வேண்டும் என்பது விதி. யார் பார்ப்பது என்பதை அவளே தேர்ந்தெடுக்கலாம். என் மேல் இருந்த தடை நீங்கி இரண்டு வருடமாகிறது. இதுவரை அவள் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை.